பெற்றார் ஒரு வீட்டில், நீங்கள் இன்னொரு வீட்டில்: பராமரிப்புக்கான கொடுப்பனவை எப்படிப் பெறுவது?

காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, தெஹிவளையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போகிறீர்கள். அங்கே ஓர் அறையில் தனியே இருக்கும் அம்மாவைக் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். அல்லது, அப்பா கிளிநொச்சியில் மீளக் கிடைத்த காணியை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார். நீங்கள் மாதத்தில் இரண்டு தடவை இரவு பஸ்ஸில் போய் அவருடைய கிளினிக்கையும் சமையல் சாமானையும் பார்த்துவிட்டு வருகிறீர்கள்.

இடம்பெயர்வும் மீள்குடியேற்றமும் ஒரு குடும்பத்தை மூன்று நான்கு முகவரிகளில் பிரித்துப் போட்டிருக்கின்றன. ஆனால் அரசாங்கப் படிவங்கள் ஒரு முகவரியைத்தான் கேட்கின்றன. அதனால் எமது அலுவலகத்திற்கு வருவோர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: "நான் அவவோட ஒரே வீட்டில இல்லை. ஆனா பார்க்கிறது நான்தான். எனக்கு ஏதாவது கொடுப்பனவு கிடைக்குமா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

சுருக்கமான பதில்

இலங்கையில் பராமரிப்பவருக்கென்று தனியான மாதாந்தக் கொடுப்பனவு நாடளாவிய ரீதியில் இல்லை. இருக்கும் கொடுப்பனவுகள் எல்லாம் பராமரிக்கப்படுபவருக்கோ அவர் வாழும் குடும்பத்துக்கோ உரியவை. ஆகவே நீங்கள் வேறு வீட்டில் வசிப்பது தடையல்ல. ஆனால் விண்ணப்பம் அவருடைய பெயரில், அவர் உண்மையில் வசிக்கும் முகவரியில், அந்த முகவரிக்குரிய கிராம உத்தியோகத்தர் ஊடாகப் போக வேண்டும். விண்ணப்பதாரர் அவர்; நீங்கள் அவருக்கு உதவுபவர்.

இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

என்னென்ன கொடுப்பனவுகள் உண்டு?

*அஸ்வெசும.* 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு அளவுகோல்களில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தின் நிலை மதிப்பிடப்படுகிறது. 2025 ஜனவரி முதல் வறிய பிரிவினருக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய பிரிவினருக்கு 17,500 ரூபாவும் வழங்கப்படுகின்றன. பணம் வங்கிக் கணக்கிற்கு வரும். புதிய பதிவுகள் எந்நாளும் எடுக்கப்படுவதில்லை. அறிவித்தல் வரும் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

*முதியோர் கொடுப்பனவு.* 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்த முதியவர்களுக்கானது. 3,000 ரூபாவாக இருந்தது 2025 ஏப்ரல் முதல் 5,000 ரூபாவாக்கப்பட்டது.

*மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவும் சிறுநீரக நோயாளர் கொடுப்பனவும்.* இரண்டும் 7,500 ரூபாவிலிருந்து 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டன. இரண்டுக்கும் வருமான நிலையோடு மருத்துவச் சான்றும் பார்க்கப்படும்.

*பொதுசன உதவிப்பணம்.* ஊரில் "பிச்சைச் சம்பளம்" என்று சொல்லி, வாங்கவே வெட்கப்படுகிற பணம். மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. தொகை சிறியது. ஆனால் வெட்கப்பட எதுவுமில்லை. அது பிச்சையுமல்ல, சம்பளமுமல்ல. ஓர் உதவித் திட்டம்.

பணம் தவிர, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செவிப்புலன் கருவி போன்ற உபகரணங்களுக்கும் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்கலாம். படுக்கையில் இருக்கும் ஒருவரைத் தூக்கித் தூக்கி உங்கள் இடுப்பு முறிகிறதென்றால், மாதம் சில ஆயிரம் ரூபாவைவிட ஒரு சக்கர நாற்காலி உங்களுக்குக் கூடுதல் உதவியாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

தொகைகள் வரவு செலவுத் திட்டங்களோடு மாறுகின்றன. விண்ணப்பிக்கப் போகும் முன் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்திலோ, அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகம்?

பராமரிக்கப்படுபவரின் வீடு எங்கே இருக்கிறதோ, அந்தப் பகுதியின் அலுவலகம். உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற அலுவலகமல்ல.

கொழும்பில் இது குழப்பம் தரும். காலி வீதியில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால், நடந்து போகும் தூரத்திலேயே நிர்வாகம் மாறிவிடுகிறது. அம்மா வெள்ளவத்தையில் இருந்தால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். தெஹிவளையில் இருந்தால் தெஹிவளை பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனையில் இருந்தால் கொழும்பு பிரதேச செயலகம். அப்பா வன்னியில் இருந்தால் அங்குள்ள பிரதேச செயலகம்தான். அவருக்காகத் தெஹிவளையில் படிவம் நிரப்ப முடியாது.

முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அவருடைய அலுவலக நாட்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு நாள் வேலையை விட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது பலருக்கும் நடந்திருக்கிறது. அங்கிருந்து பிரதேச செயலகத்தில் இரண்டு பேரைச் சந்திக்கலாம்: இயலாமை, நோய் சம்பந்தமாகச் சமூக சேவை உத்தியோகத்தர், முதியவர்கள் சம்பந்தமாக முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்.

பெயரை மாற்றும் முன் யோசியுங்கள்

எம்மிடம் வந்த பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறோம்.

வவுனியாவில் தனியே வசிக்கும் 74 வயது அம்மா முதியோர் கொடுப்பனவு பெற்று வந்தார். கால் புண்ணுக்கு மருந்து கட்ட மகள் அவரைத் தெஹிவளைக்குக் கூட்டி வந்தார். களுபோவில வைத்தியசாலையில் மூன்று மாதச் சிகிச்சை. "இங்கே பதிந்தால் இங்கேயே காசு எடுக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மாவின் பதிவைத் தெஹிவளைக்கு மாற்றினார். வவுனியாவில் பெயர் நீங்கியதும் கொடுப்பனவு நின்றது. தெஹிவளையில் அம்மா மகளின் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டார். மருமகனின் சம்பளமும் கணக்கில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. புண் ஆறியதும் அம்மா, "என்ர வீட்டில கொண்டுபோய் விடு" என்று வவுனியாவுக்குத் திரும்பிவிட்டார். இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. தற்காலிகமாகத் தங்குவதையும் நிரந்தரமாகக் குடிமாறுவதையும் ஒன்றென்று எண்ணியதுதான் பிழை.

சிகிச்சைக்காகச் சில மாதம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் அவருடைய பதிவை மாற்ற வேண்டாம். ஊர்க் கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதி, எங்கே, எதற்காக, எவ்வளவு காலம் தங்குகிறார் என்று சொல்லி, கிளினிக் கொப்பியின் பிரதியையும் இணைத்துக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஆள் இல்லை என்று பெயர் வெட்டப்படுவதை இந்தக் கடிதம் தடுக்க உதவும்.

அவர் உண்மையாகவே உங்களோடு நிரந்தரமாக இருக்க வந்துவிட்டால், பதிவை மாற்றத்தான் வேண்டும். இரண்டு இடத்திலும் பெயரை வைத்திருக்கக் கூடாது. அது தெரியவந்தால் கொடுப்பனவு நிற்பதோடு, பெற்ற பணத்தைத் திருப்பிச் செலுத்தவும் நேரலாம். அதேபோல, உங்களோடு ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுபவரைத் தனியே வசிப்பவராகக் காட்டவும் வேண்டாம்.

சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

அலுவலகத்துக்கு அலுவலகம் சிறிது வேறுபடலாம். ஆனாலும் கீழுள்ளவற்றை ஒரு கோவையில் போட்டு வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். மூலப்பிரதிகளை எவரிடமும் விட்டு வராதீர்கள். நிழற்படப் பிரதிகளைக் கொடுங்கள்.

• பராமரிக்கப்படுபவரின் தேசிய அடையாள அட்டை
• பிறப்புச் சான்றிதழ். இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ்
• வசிப்பிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ்
• மருத்துவச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வைத்தியசாலையிலிருந்து வெளியேறியபோது தந்த அட்டை
• அவருடைய பெயரிலான வங்கிப் புத்தகம்
• நீங்கள் யார் என்பதைக் காட்ட உங்கள் அடையாள அட்டையும், உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழும்

யுத்தத்தில் ஆவணங்களைத் தொலைத்தவர்களும், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் வயதுச் சான்றில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். 70 வயது என்பதைக் காட்ட முடியாவிட்டால் முதியோர் கொடுப்பனவு இல்லை. இந்தியாவில் தந்த அகதி அட்டையையும் திரும்பி வந்தபோது கிடைத்த கடிதங்களையும் எறிந்துவிடாதீர்கள். அவை உரிமைச் சான்றிதழ்கள் அல்ல. ஆனால் இடையில் இத்தனை வருடம் ஏன் இங்கே பதிவு இல்லை என்பதை விளக்க உதவும். அடையாள அட்டை இல்லாத முதியவருக்கு முதலில் அதை எடுங்கள். மற்றவை அதன் பிறகுதான் நகரும்.

மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. "பாரிசவாதம்" என்று மட்டும் எழுதினால், அவரால் என்ன முடியாது என்பது அலுவலருக்குத் தெரியாது. தானே எழும்ப முடியுமா, மலசலகூடத்துக்குப் போக முடியுமா, சாப்பாடு ஊட்ட வேண்டுமா என்பதை வைத்தியரிடம் விளக்கிச் சொல்லி, அவற்றையும் குறிப்பிடும்படி பணிவாகக் கேளுங்கள்.

அவரால் வர முடியாதபோது

கட்டிலை விட்டு எழும்ப முடியாதவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பிரதேச செயலகத்தின் படியில் உட்கார வைக்கத் தேவையில்லை. அவருடைய நிலையை எழுத்தில் விளக்கி, வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கிராம உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ கேளுங்கள். நீங்கள் வேறு வீட்டில் இருப்பதால், அவர்கள் வரும் நாளைத் தெரிந்து அங்கே நிற்பது முக்கியம். பக்கத்து வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள்.

பணத்தை எடுக்கும் விடயத்தில் அவசரப்படாதீர்கள். அவருக்குச் சுயநினைவும் விருப்பமும் இருந்தால், அவர் கையொப்பமிட்ட கடிதத்தோடு நீங்கள் பணம் பெறலாமா, அதற்கு என்ன படிவம் என்று வங்கியிலோ தபாலகத்திலோ கேளுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சிலர் மாதக் கொடுப்பனவை எடுப்பதற்காக முதியவரிடம் முழு அற்றோணித் தத்துவத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். அந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்து, காணியை விற்கும் அதிகாரமும் அதற்குள் போய்விடலாம். 5,000 ரூபா எடுக்க, எத்தனையோ வருடம் காத்திருந்து மீளக் கிடைத்த காணியை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. அற்றோணித் தத்துவம் வேண்டியே ஆகும் என்றால், எதற்காக என்பதைக் குறிப்பிட்டு மட்டுப்படுத்தி எழுதும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் முதியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டும்.

மறதி நோயாலோ மனநோயாலோ விளங்கிக்கொள்ளும் நிலையில் இல்லாதவரிடம் கையொப்பம் வாங்குவது செல்லாது. அப்படியானவர்களின் சொத்தைப் பார்ப்பதற்கு மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெறலாம்.

மறுத்துவிட்டால்

"கிடைக்காதாம்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். அஸ்வெசும தெரிவுகளுக்கு மேன்முறையீடும் ஆட்சேபனையும் செய்யக் காலம் கொடுக்கப்படுகிறது. அந்தத் திகதிக்குள் செய்ய வேண்டும்.

காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் இதற்கென்று ஒரு தகவல் உத்தியோகத்தர் உண்டு. "இந்த விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது" என்று அவரிடம் கேளுங்கள். கூடிய விரைவிலும், எப்படியும் 14 வேலை நாட்களுக்குள்ளும் தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை அவர் தெரிவிக்க வேண்டும்.

இவற்றைத் தமிழிலேயே எழுதலாம். நிர்வாக மொழி சிங்களமாக உள்ள பிரதேசத்திலும் தமிழில் அலுவல் பார்க்கவும் தொடர்புகளைப் பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். நடைமுறையில் தமிழ் தெரிந்த அலுவலர் அன்று இல்லாமல் போகலாம். சிங்களம் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போவதில் தவறில்லை. ஆனால் விளங்காத படிவத்தில் கையொப்பமிட வேண்டாம்.

மற்றப் பிள்ளைகள்

ஐந்து பிள்ளைகள் இருந்தும் கிட்ட இருக்கும் ஒருவரின் தலையில்தான் எல்லாப் பாரமும் விழும். பெரும்பாலும் அது ஒரு மகள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றார் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். இங்கேயும் கோருபவர் பெற்றார்தான். சபைக்குப் போகும் முன், மாதச் செலவைக் கணக்கெழுதி எல்லாச் சகோதரருக்கும் அனுப்பிப் பாருங்கள். மருந்து இவ்வளவு, பம்பர்ஸ் இவ்வளவு, உங்கள் பஸ் காசு இவ்வளவு என்று தாளில் பார்க்கும்போது, "கஷ்டமாக இருக்கு" என்று சொல்வதைவிட விரைவாக விளங்கும்.

வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதா என்று அலுவலர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எப்போதாவது வருவதென்றால், எப்போதாவது என்றே சொல்லுங்கள்.

வெளிநாட்டு உறவினர் சொல்லும் கொடுப்பனவு

"லண்டனில் அம்மாவைப் பார்த்தால் அரசாங்கம் காசு தருமாம்" என்பது உண்மைதான். அங்கே பராமரிப்பாளர் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 83.30 பவுணாக இருந்தது. வாரத்தில் குறைந்தது 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் பராமரிக்கப்படுபவர் அந்த நாட்டின் இயலாமைக் கொடுப்பனவுகளில் குறிப்பிட்ட ஒன்றைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே தெஹிவளையில் இருக்கும் அம்மாவைக் காட்டி லண்டனிலுள்ள மகன் அதைக் கோர முடியாது.

மீள்குடியமர்வுக்காக அங்கே போகவிருப்போர் இரண்டு விடயங்களை அறிந்திருங்கள். பொது நிதியைப் பெற முடியாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருப்பவர் இதைக் கோர முடியாது. அடுத்தது, தனியே வசிக்கும் கடும் இயலாமையுள்ளவருக்குச் சில உதவிகளில் ஒரு மேலதிகத் தொகை உண்டு. அவரைப் பராமரிப்பதற்காக நீங்கள் கொடுப்பனவு பெறத் தொடங்கினால், அந்த மேலதிகத் தொகை அவருக்கு நிற்கலாம். வேறு வீட்டில் இருந்து பராமரிப்போர் விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் வேறு வீட்டில் இருந்து பராமரிப்பவர் அந்தக் கொடுப்பனவைப் பெற, வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் நேரடிப் பராமரிப்புச் செய்ய வேண்டும். நாட்டுக்கு நாடு கேள்வி வேறு. போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள ஆலோசனை நிலையத்தில் கேளுங்கள்.

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை

ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் பராமரிக்கப்படுபவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் நீங்கள் போன நாள், செய்த வேலை, செலவான நேரம், கொடுத்த மருந்து. இன்னொரு பக்கத்தில் அலுவலகத்துக்குப் போன திகதி, சந்தித்தவரின் பதவி, அவர் சொன்ன பதில். கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

அந்தக் கொப்பி மேன்முறையீட்டுக்கு உதவும், வைத்தியரிடம் பேச உதவும், சகோதரரிடம் பேசவும் உதவும். நீங்கள் ஒருநாள் வருத்தமாகப் படுத்தால், உங்கள் இடத்துக்கு வருபவருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லும்.

படிவங்களை நிரப்பவோ கடிதம் எழுதவோ உதவி தேவையென்றால், ஆவணக் கோவையையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு எமது அலுவலகத்திற்கு வாருங்கள். உதவிக்குக் கட்டணம் இல்லை. முதியவரைக் கூட்டி வர வேண்டியதுமில்லை.